கோடை தொடங்கியதும் பழுப்பேறும் கல் பவளங்கள்: தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஐயம்

அலையடி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துப் பராமரித்து வருகிறேன். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சம்பையும் (நீரைச் சுத்திகரிக்கும் துணைத் தொட்டி) சேர்த்து, கல்லும் மணலும் போக ஏறத்தாழ 250 லிட்டர் நீர் இருக்கும். மூன்று அக்ரோபோரா, இரண்டு மாண்டிபோரா, ஒரு யூஃபிலியா ஆகிய, சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் கல் பவளங்கள் உள்ளன. எல்லாமே தொட்டியில் வளர்த்துப் பெருக்கிய துண்டுகள் என்று சொல்லித்தான் எனக்குத் தந்தார்கள்.

மார்ச் மாதம் வரை நுனியில் ஊதாவும் தண்டில் பச்சையுமாக இருந்த அக்ரோபோராக்கள், ஏப்ரல் நடுவிலிருந்து காப்பித்தூளின் நிறத்துக்கு மாறிவிட்டன. அவற்றுள் ஒன்று அடியிலிருந்து மேல்நோக்கி வெளுத்துக்கொண்டு வருகிறது. மாண்டிபோராவின் விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி எல்இடி விளக்கை 65 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டுக்கு ஏற்றினேன். நிலைமை மோசமானதே தவிர மேம்படவில்லை.

நேற்று எடுத்த அளவுகள்: உப்பளவு ஆயிரத்துக்கு 35, கால்சியம் 430 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1320, நைட்ரேட் 25, பாஸ்பேட் 0.18. வெப்பநிலை காலையில் 26, மாலையில் 29 டிகிரி. ஞாயிறுதோறும் காரத்தன்மையை (நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகளின் அளவு) சோதிப்பேன். பெரும்பாலும் 7.1 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு) காட்டும். அன்று மாலையே தூளைக் கரைத்து ஊற்றி 9.5 வரை ஏற்றிவிடுவேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தின் நீரைச் சேர்க்கிறேன். அதன் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 45. எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கண்ணாடிக்கடல் (பெரம்பூர்)

தம்பி, அளவுகளை மறைக்காமல் எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்கள் தொட்டியில் இரண்டு சிக்கல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் விளக்கை ஏற்றியிருக்கிறீர்கள்.

முதலாவது பழுப்பு. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகளின் இயல்பான நிறமே பழுப்பு. ஒளியை உண்டு அவை செய்யும் உணவில்தான் பவளத்தின் வாழ்வின் பெரும்பகுதி ஓடுகிறது. நாம் ஆசைப்படும் ஊதாவும் நீலமும் பச்சையும் பவளம் தானே உருவாக்கிக்கொள்ளும் நிறப் புரதங்கள். நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகும்போது பாசிகள் பெருகிச் சதையை நிறைத்துவிடுகின்றன; புரதங்கள் உள்ளே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. ஆகவே உங்கள் பழுப்புக்குக் காரணம் 25 என்ற நைட்ரேட்டும் 0.18 என்ற பாஸ்பேட்டும். பாசி நிறைந்த சதையின்மீது திடீரென்று ஒளியைக் கொட்டினால் அது தாங்காது. விளக்கை இன்றே 65-க்கு இறக்குங்கள். நிறம் திரும்பிய பிறகு ஏற்ற வேண்டுமென்றால் வாரத்துக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, அடியிலிருந்து ஏறும் வெளுப்பு. இதுதான் அவசரம். 9.5-இல் தொடங்கி ஒரு வாரத்தில் 7.1-க்கு இறங்குகிறது என்றால், உங்கள் பவளங்கள் நாளொன்றுக்குச் சுமார் 0.34 டிகேஹெச் காரத்தன்மையை எலும்புக்கூடு கட்டுவதற்கு எடுத்துக்கொள்கின்றன. அவை நன்றாக வளர்ந்துகொண்டிருந்தன என்பதற்கு அதுவே சான்று. ஆனால் ஆறு நாள் சிறிது சிறிதாகப் பட்டினி போட்டு ஏழாம் நாள் ஒரே மாலையில் 2.4 அளவு ஏற்றுவதை அக்ரோபோரா பொறுக்காது; 7.5-இல் நிலையாக நிற்கும் தொட்டியில் அது வாழும், 8-இல் நிலையாக நின்றாலும் வாழும், வாரந்தோறும் 7.1-க்கும் 9.5-க்கும் இடையில் ஊஞ்சலாடும் தொட்டியில்தான் அடிச்சதை உரியத் தொடங்கும்.

கணக்கு எளிது. 100 லிட்டர் நீரில் 1 டிகேஹெச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட் தேவை. உங்கள் 250 லிட்டருக்கு நாளொன்றின் செலவு இரண்டரை கிராம். அதைத் தூய நீரில் கரைத்துக் காலையில் பாதி, இரவில் பாதி என்று சம்பில் நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். வசதி இருந்தால் டோசிங் பம்பு (கரைசலைச் சிறிது சிறிதாக அளந்து ஊற்றும் கருவி) ஒன்று வாங்கி இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் பிரித்து விடுங்கள். இதே செலவுக்கு ஈடாக வாரத்துக்குச் சுமார் 17 பிபிஎம் கால்சியமும் குறையும். உங்கள் நீர்மாற்றம் இப்போதைக்கு அதை ஈடுகட்டுகிறது போலும். இப்போது நிற்கும் அளவிலிருந்து 8-க்கு ஏற்றும்போதும் ஒரு நாளில் 0.5-க்கு மேல் வேண்டாம். சோதனையை ஒரே நேரத்தில், ஒரே கருவியில் செய்யுங்கள். விளக்கு எரிவதற்கு முன் காலையில் எடுப்பது என் வழக்கம்.

வெள்ளை எல்லாம் சாவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மாண்டிபோராவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைக் கோட்டின்மீது ஈரமான மெல்லிய தோல் வழவழப்பாகப் போர்த்தியிருந்து, அதை ஒட்டியே சின்னஞ்சிறு பாலிப்புகள் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்கள்) விரிந்திருந்தால் அது வளரும் விளிம்பு; மகிழலாம். மாறாக, கல்லின் துளைகள் கூர்மையாகவும் வெறுமையாகவும் தெரிந்து, சதை முடியும் இடம் கிழிந்த துணியின் ஓரம்போல் பிசிறடித்திருந்தால் அது இறப்பு. மூன்று நான்கு நாளில் அந்த இடத்தில் பச்சைப் பாசி படியும். அக்ரோபோராவில் இரண்டாவதையே காண்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் வெளுப்பு முடியும் கோட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையை விட்டு, நுனிகளை வெட்டியெடுத்து, கெட்டியான சூப்பர் குளூ பசையால் வேறு கல்லில் ஒட்டிவிடுங்கள். முழுக் கிளையையும் காப்பாற்ற முயன்று முழுவதையும் இழந்தவர்கள் பலர். என் முதல் அக்ரோபோராவை நானும் அப்படித்தான் இழந்தேன்.

அலையடி

மிக்க நன்றி ஐயா. இரவில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே மாண்டிபோராவின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறது, அக்ரோபோராவின் அடி பிசிறடித்திருக்கிறது. நான்கு நுனிகளை வெட்டி ஒட்டிவிட்டேன். பாஸ்பேட்டை நீக்கும் இரும்புத் துகள் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். முழுவதையும் இன்றே போட்டுவிடலாமா?

கண்ணாடிக்கடல்

வேண்டவே வேண்டாம். டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் நான்கில் ஒரு பங்கு போதும். பாஸ்பேட் ஒரே நாளில் அடிமட்டத்துக்குப் போனால் பழுப்பு நீங்கி நிறம் வராது. பாசிகள் பட்டினியில் குறைந்து, பவளம் சாம்பல் பூத்து வெளிறும். 0.05-ஐ ஒட்டி ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். நைட்ரேட் 5-க்கும் 10-க்கும் இடையில் நின்றால் நல்லது. மீனுக்கு உறைந்த இறால் போடும்போது பனிக்கட்டி கரைந்த நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். அந்த நீரிலும் பாஸ்பேட் உண்டு.

உங்கள் ஆர்ஓ நீரைப் பற்றி: நம் ஊர்க் குடிநீர் இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் குழாய் நீரில் ஒரு பகுதியைச் சவ்வைத் தாண்டி மீண்டும் கலக்கும் குமிழ் ஒன்று இருக்கும். உங்கள் 45 அதனாலேயே வந்திருக்கக்கூடும். நாளுக்கு 5 லிட்டர் ஊற்றினால் தேவையற்ற உப்புகள் ஆண்டுக்கு 80 கிராமுக்கு மேல் தொட்டிக்குள் சேரும். ஆவியாவது நீர் மட்டும்தான், அவை வெளியேறுவதில்லை. அந்தக் குமிழை மூடி, கடைசியில் எஞ்சிய உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டர் 0 காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

காசிமேட்டு மகள்

பெரம்பூர் அண்ணன் வேதியியலைச் சொல்லிவிட்டார்கள். நான் வெப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் 26, மாலையில் 29 என்பதைத் தம்பி ஒரு வரியில் கடந்துவிட்டார். ஒவ்வொரு நாளும் மூன்று டிகிரி ஏறி இறங்குவதே பவளத்துக்குப் பெரிய சுமை. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அங்கே அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மெல்லச் சூடேறியே அந்த நிலை என்றால், நம் வீட்டுத் தொட்டியை எண்ணிப் பாருங்கள்.

நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். உள்நாட்டு ஊர்களில் அது நன்றாகவே வேலை செய்யும். நம் பகுதியில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று ஏறியதும் காற்றில் ஈரம் நிறைந்துவிடும். ஈரக் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் குளிர்ச்சியும் இல்லை. என் வீட்டில் விசிறி மே மாதத்தில் ஒரு டிகிரிக்கு மேல் குறைத்ததில்லை. சில்லர் (நீரைக் குளிரூட்டும் இயந்திரம்) வாங்குவதே வழி. அதைத் தொட்டிக்குக் கீழே மூடிய மரப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். நான் முதலாண்டில் அப்படி வைத்து, அது தான் கக்கிய வெப்பத்தையே திரும்ப இழுத்து, இரவெல்லாம் ஓடி, ஒரு கோடைக்குள் கெட்டுப்போனது. இப்போது நிழல் உள்ள பால்கனியில் இருக்கிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை நல்ல துணியால் துடைக்கிறேன். ஏசி போட்டு அறையைப் பூட்டி வைப்பவர்கள் பிஎச் அளவையும் பார்க்க வேண்டும். நாலு பேர் உறங்கும் மூடிய அறையில் கரியமில வாயு சேர்ந்து, விடியும்போது பிஎச் 7.8-க்கு இறங்கிவிடும், கல் கட்டும் வேகமும் குறையும். ஒரு சன்னலைச் சிறிது திறந்து வைத்தாலே மாற்றம் தெரியும்.

2023 டிசம்பர் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. அன்று என் தொட்டியைக் காப்பாற்றியது விளக்கும் அல்ல, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அல்ல. இன்வெர்ட்டரில் ஓடிய, நீரை அசைக்கும் 20 வாட் வேவ்மேக்கர் ஒன்று. பவளம் இரண்டு நாள் இருட்டைத் தாங்கும். அசையாத நீரை அரை நாள்கூடத் தாங்காது. இன்வெர்ட்டரும் தளர்ந்த கடைசி இரவில், பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்புகள் இரண்டைப் போட்டுவிட்டு அருகிலேயே அமர்ந்திருந்தேன். அந்தக் குமிழிச் சத்தம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே விடிந்தது. எல்லாம் பிழைத்தன.

இன்னொன்று. என் தந்தைக்குப் படகு உண்டு என்பதால், கடல்நீரைக் கேனில் கொண்டுவந்து ஊற்றினால் செலவு மிச்சமாகுமே என்று பலர் கேட்கிறார்கள். துறைமுகத்துக்குள் எடுக்கும் நீரில் டீசல் படலம் மிதக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் அதே 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியதை நாம் எல்லோரும் பார்த்தோம். வெகுதூரம் போய் எடுத்தாலும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்று நீர் கலந்து உப்பளவு குறைந்திருக்கும். செயற்கை உப்பைத் தூய நீரில் கலந்து 35-க்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு.

மென்பவளம் (கொளத்தூர்)

பராமரிப்பைப் பற்றி மூத்தவர்கள் சொன்னதற்கு மேல் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் புதியவர்களுக்காக ஒன்றை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-இல் கல் பவளங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து உயிருள்ள பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பன்னாட்டு வணிகத்தில் அவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. “தொட்டியில் வளர்த்தது” என்ற வாய்ச்சொல் ஆவணம் ஆகாது. கைவசம் இருப்பவர்கள் வாங்கிய இடத்தில் தாள்களைக் கேட்டு வாங்கி, வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் தெளிவு பெறுவதே முறை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஒருகாலத்தில் அங்கே பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து வந்த ஒரு துண்டு நம் வரவேற்பறையில் ஒளிர்வதில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை. கடையில் தாள் கேட்டபோது சரியான பதில் கிடைக்காததால் நான் கல் பவளத்தைக் கைவிட்டு, சோவாந்திட், காளான் பவளம் போன்ற, கல்லெலும்பு கட்டாத இனங்களோடு நின்றுவிட்டேன். காரத்தன்மைக் கணக்கு இல்லாமலே அவை நிறத்தைத் தருகின்றன.

அலையடி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கொளத்தூர் அண்ணன் எழுதியதைப் படித்த அன்றே தந்தவரிடம் தாள் கேட்டேன். இறக்குமதி அனுமதியின் நகல் ஒன்று கிடைத்தது. அதை இணைத்துக் காப்பாளர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை புதிதாக வாங்கப் போவதில்லை, வெட்டிய துண்டுகளை யாருக்கும் கொடுக்கப் போவதும் இல்லை.

காரத்தன்மை இருபத்தாறு நாளாக 7.9-க்கும் 8.1-க்கும் இடையில் நிற்கிறது. நைட்ரேட் 12, பாஸ்பேட் 0.09. சில்லரைப் பால்கனியில் வைத்தேன், மாலையில் வெப்பநிலை 26.4-ஐத் தாண்டவில்லை. ஒட்டிய நான்கு நுனிகளில் ஒன்று இறந்துவிட்டது. மற்ற மூன்றின் அடியில் சதை பசையின்மீது மெல்லப் படர்ந்து கல்லைத் தொட்டிருக்கிறது. நேற்றிரவு கைவிளக்கில் பார்த்தபோது ஒரு நுனியில் மட்டும், கடுகளவுக்கு, ஊதா தெரிந்தது. வெட்டியபின் எஞ்சிய பழைய அடித்தண்டைத் தொட்டியிலேயே விடலாமா ஐயா?

கண்ணாடிக்கடல்

சதை முழுதும் போய்விட்டது என்றால் அது வெறும் சுண்ணாம்புக் கல்தான். அப்படியே விடலாம், பாசியைக் கொறிக்கும் நத்தைகள் பார்த்துக்கொள்ளும். ஒரு பாலிப் மிச்சம் இருந்தாலும் வெளிச்சத்தில் விட்டுவையுங்கள், அங்கிருந்தே திரும்பப் படர்வதும் உண்டு. விளக்கை இன்னும் இரண்டு வாரத்துக்குத் தொடாதீர்கள்.