நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு அரை நாள் விழுகிறது, அப்ரூவ் ஆகவில்லை – அவசரம்

மணலி மச்சான் (2-ஆம் தேதி, இரவு 9.40)
எல்லோருக்கும் வணக்கம். அட்டெண்டன்ஸ் அப்ரூவல் வேலை என் தலையில் விழுந்து இது இரண்டாவது மாதம். நைட் ஷிஃப்ட் ஆட்கள் 11 பேருக்கும் அங்கங்கே அரை நாள்தான் வேலை என்று மென்பொருளில் விழுந்திருக்கிறது. ஒருவரும் பாதியில் போகவில்லை, நானே கேட்டில் நின்று பார்த்தவன். அப்ரூவ் கொடுத்தால் அந்த வரிகள் மட்டும் சிவப்பாகத் திரும்பி வருகின்றன. நாளை மதியத்துக்குள் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்ப வேண்டும். ஆட்கள் ஏற்கெனவே முறைக்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

பன்ச் பாண்டி
ஷிஃப்ட் எத்தனை மணிக்கு எத்தனை மணி? எப்போதிலிருந்து இப்படி? மிஷின் கைரேகையா முகமா? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி நண்பா?

காசிமேட்டுக்காரன்
சந்தேகமே வேண்டாம், கைரேகை மிஷின்தான். நான் ஐஸ் கம்பெனியில் இருக்கிறேன். ஐஸ் பெட்டி தூக்கிய கையை வைத்தால் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் எடுக்கும். வெளியே போகும்போது வைத்த விரல் பதிவாகாமல் போயிருக்கும். வாசலில் ஒரு துண்டு மாட்டி வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

கணக்கு வாத்தியார்
மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. தம்பி, நைட் ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டுகிறது. உன் மென்பொருளில் நாள் தொடக்கம் 12.00 என்று இருக்கும். அதை மதியம் 12 ஆக்கு. அவ்வளவுதான். இதுகூடத் தெரியாதவரிடம் அப்ரூவலைக் கொடுத்தது யார்?

மணலி மச்சான் (இரவு 10.25)
செய்தேன் சார். இப்போது பகல் ஷிஃப்ட் 26 பேரும் சிவப்பு.

பன்ச் பாண்டி
ஐயோ, முதலில் பழையபடி மாற்றுங்கள்! மதியம் 12-க்குத்தான் நாள் பிறக்கிறது என்றால், காலை 7.50-க்கு உள்ளே வருகிற பகல் ஆளின் பன்ச், அதாவது மிஷினில் பதிகிற நேரம், நேற்றைய கணக்கில் போய் உட்காரும். கம்பெனி முழுக்கப் பொதுவான செட்டிங்கில் கை வைக்கவே கூடாது.

கணக்கு வாத்தியார்
பகல் ஷிஃப்டும் உண்டு என்று அவர் எங்கே சொன்னார்?

பன்ச் பாண்டி
நைட் ஷிஃப்ட் என்றாலே பகலில் ஒன்று இருக்கும் வாத்தியாரே.

மணலி மச்சான் (இரவு 10.50)
மாற்றிவிட்டேன், பகல் ஆட்கள் சரியாகிவிட்டார்கள். விவரம் சொல்லாதது தப்புதான். பேக்கிங் யூனிட், ஃபேக்டரி லைசென்ஸ் உண்டு. முகம் பார்க்கிற மிஷின், கைரேகை இல்லை. முன்பு மூன்று ஷிஃப்ட், நைட் 10 முதல் 6. போன மாதம் 16-ஆம் தேதியிலிருந்து இரண்டே ஷிஃப்ட், நைட் 8 முதல் காலை 8. நான்தான் மென்பொருளில் ஷிஃப்ட் மாஸ்டர் என்கிற ஷிஃப்ட் நேரப் பக்கத்தில் நேரத்தை மாற்றினேன். 15 வரை எல்லாம் சரியாக இருக்கிறது.

எர்ணாவூர் அக்கா
தம்பி, வார லீவு ஞாயிறுதானே? 16-ஆம் தேதியைத் தவிர, அரை நாள் விழுந்தது எல்லாம் ஞாயிறும் திங்களும் மட்டும்தானா, பாருங்கள்.

மணலி மச்சான்
அக்கா! அப்படியேதான் இருக்கிறது. எப்படி?

எர்ணாவூர் அக்கா
தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டை மட்டும் மாற்றியிருப்பீர்கள். கீழே "வெளிப் பன்ச் கடைசி வரம்பு" என்று ஒரு கட்டம் இருக்கும், உங்கள் மென்பொருளில் வேறு பெயராகவும் இருக்கலாம். ஆறு மணிக்கு முடிந்த ஷிஃப்டுக்காக யாரோ அதில் 7.00 போட்டிருப்பார்கள். காலை 8.05-க்கு வெளியே வருகிற ஆளை மென்பொருள் "இன்று உள்ளே வந்தவர்" என்று எடுத்துக்கொள்ளும். அன்று இரவு 7.50-க்கு அவர் உள்ளே போவதை "வெளியே போனார்" என்று எழுதும். ஞாயிறு காலைப் பன்ச்சுக்கும் திங்கள் இரவுப் பன்ச்சுக்கும் ஜோடி கிடையாது, அதனால் அரை நாள்.

அப்புறம், சிவப்பு வரிகளை விடுங்கள், பச்சையாக இருக்கிற ஒரு வரியைத் திறந்து பாருங்கள். செவ்வாய் என்ன காட்டுகிறது?

மணலி மச்சான்
உள்ளே காலை 8.06, வெளியே இரவு 7.51. 11 மணி 45 நிமிடம், முழு நாள். அடப்பாவி, அது அவர் வீட்டில் தூங்கிய நேரம்!

எர்ணாவூர் அக்கா
அதேதான். ஒவ்வொரு இரவுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் போச்சு, பகல் ஆள் என்று காட்டுவதால் நைட் பேட்டாவும் போச்சு. சிவப்பை மட்டும் கையால் திருத்தி அனுப்பியிருந்தால் மற்றதெல்லாம் உங்கள் கையெழுத்தோடு தப்பாகப் போயிருக்கும். நைட் ஷிஃப்டுக்கு மட்டும் வரம்பை 11.00 ஆக்குங்கள், 16 முதல் ரீப்ராசஸ் கொடுங்கள், மென்பொருள் மறுபடி கணக்குப் போடும். மிஷினில் இருக்கிற மூலப் பன்ச் எங்கும் போகாது. பிறகு ஆளுக்கு ஒரு தாள் எடுத்து அவர்களிடம் காட்டிவிட்டு அப்ரூவ் செய்யுங்கள்.

கணக்கு வாத்தியார்
நானும் நாள் எல்லைதான் பிரச்சினை என்றேன்.

திருவொற்றியூர் தோழர்
எல்லோரும் பன்ச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். 12 மணி நேர ஷிஃப்ட் என்பது யார் கண்ணிலும் படவில்லையா? ஆறு இரவு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் வாரம் 66. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 48-க்கு மேல் இரட்டிப்புச் சம்பளம். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தே 60-ஐத் தாண்டக் கூடாது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 12 மணி நேர மசோதா நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். அதைத்தான் இங்கே சத்தமில்லாமல் நடத்துகிறார்கள்.

கணக்கு வாத்தியார்
தோழர் இன்னும் 1948-லேயே இருக்கிறார். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தது தெரியுமா?

திருவொற்றியூர் தோழர்
தெரியும். அதிலும் ஓ.டி. இரட்டிப்புதான். படித்துவிட்டு வாருங்கள்.

கொருக்குப்பேட்டை குமுதா
இடையில் என் சந்தேகம். சனி இரவு ஷிஃப்டில் நள்ளிரவு தாண்டி எட்டு மணி நேரம் ஞாயிறுதானே? அதற்கு லீவு நாள் சம்பளம் கேட்கலாமா?

எர்ணாவூர் அக்கா
கேட்க முடியாது குமுதா. 1948 சட்டத்தில் பிரிவு 57 இதற்கென்றே இருந்தது, புதிய தொகுப்பிலும் அதே விதிதான். நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாள் கணக்கு. அவருடைய லீவு, ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், அதாவது ஞாயிறு காலை 8 முதல் திங்கள் காலை 8. அந்த நேரத்துக்குள் கூப்பிட்டால் கேளுங்கள்.

பெரம்பூர் மில் பேரன்
1918-லேயே தொழிற்சங்கம் கண்ட ஊர் எங்கள் பெரம்பூர். தாத்தா காலத்தில் மில் சங்கு ஊதினால் தெரு முழுக்க மணி தெரியும். இப்போது முகத்தைக் காட்டியும் மிஷினுக்குப் பகல் எது ராத்திரி எது என்று தெரியவில்லை.

திருவொற்றியூர் தோழர்
மணலி தோழரே, ஓ.டி. இரட்டிப்பாகப் போகிறதா? பதில் சொல்லுங்கள்.

பன்ச் பாண்டி
மச்சான் எங்கே? வேலை முடிந்ததா இல்லையா?

மணலி மச்சான் (3-ஆம் தேதி, பகல் 12.35)
வரம்பு 7.00 என்றுதான் இருந்தது. 11 ஆக்கினேன், எல்லாம் வந்துவிட்டது, ஒரே ஒரு அரை நாளைத் தவிர. அவர் நிஜமாகவே ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பியிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. நன்றி அக்கா. ஓ.டி. கட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வருகிறேன் தோழர்.

காசிமேட்டுக்காரன்
அந்த ஒருவருக்கு முகம் ஈரமாக இருந்திருக்கும். எதற்கும் துண்டு மாட்டுங்கள்.