லைன் 100, போனில் 18: வன்னி வீடுகளில் வைஃபை படுத்திய பாடு

எங்கள் வீடு வட்டக்கச்சியில். வீட்டுத்திட்டத்தில் கட்டிய நடுவீடு, பின்னால் நாங்களே இறக்கிய பத்தி, அதற்கும் அப்பால் தனியாகக் குசினி. போன வருடம் ஃபைபர் எடுத்தோம், 100 எம்பிபிஎஸ் பக்கேஜ். பில் ஒழுங்காக வந்தது. வேகம்தான் வரவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா வீடியோ கோல் எடுத்தால், பாதிக் கதையில் அவர் முகம் அப்படியே நின்றுவிடும். "அவன் வாயைத் திறந்தபடியே நிக்கிறான்" என்று அம்மா போனைத் தட்டுவார்.

பத்தியில் நின்று ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 18. சில நாள் 11. கம்பனிக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். மூன்று தடவையும் ஒரே மந்திரம்: ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ. நாலாவது தடவை சத்தம் போட்ட பிறகு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் என் போனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு லப்டொப்பையும் முழ நீள மஞ்சள் லான் வயரையும் எடுத்தார், ரவுட்டரின் பின்பக்கம் குத்தினார், டெஸ்ட் போட்டார். 94. "தம்பி, வாசல் வரைக்கும் வந்திட்டுது. உங்கட வீட்டுக்குள்ளதான் துலையுது" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் யோசித்தபோதுதான் விளங்கியது, அவர் செய்ததுதான் சரியான வைத்தியம். வயரில் முழு வேகம் வந்தால் லைனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிரச்சினை காற்றில். வயரிலும் வராவிட்டால் கம்பனியோடு சண்டை பிடிக்கலாம். இதைப் பார்க்காமல் நான் மூன்று மாதம் வீணாகக் கத்தியிருக்கிறேன்.

சரி, வீட்டுக்குள் எங்கே துலைகிறது? ரவுட்டர் ஹோல் மூலையில், முழங்கால் உயரத்தில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. பிளக் அங்கே இருந்ததால் பூட்ட வந்தவர்கள் அங்கேயே வைத்துவிட்டார்கள். அந்த அலுமாரிக்குள் அம்மாவின் சேலைகளும் காணி உறுதியும் இருக்கின்றன, கதவில் ஆள் உயரக் கண்ணாடி. வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்புத் தகட்டில் பட்டால் திரும்பிவிடும். கண்ணாடியின் முதுகில் பூசியிருப்பதும் உலோகம்தான். அதைத் தாண்டிக் கசிந்து வந்தால் சீமெந்துக் கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ், அப்புறம்தான் பத்தி. 18 வந்ததே பெரிய விஷயம்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எல்லாமே இரணைமடுக் குளத்துத் தண்ணீர்தான். "குளம் நிரம்பித்தான் இருக்கு. வாய்க்காலுக்க அலுமாரியை வைச்சிட்டு வயல் காயுது எண்டு கத்தினா?" என்றார்.

பூட்டியவர்கள் ஃபைபர் வயரில் மூன்று நான்கு மீற்றர் கூடுதலாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்து, ரவுட்டரை நடுச்சுவரில், கதவு நிலைக்கு மேலே ஏற்றினேன். இதைச் செய்பவர்கள் கவனம்: ஃபைபர் வயரை மூலையில் கூராக மடிக்கக் கூடாது. உள்ளே ஓடுவது வெளிச்சம், மடிப்பில் வெளியே ஒழுகிவிடும். பெரிய வளைவாக விட வேண்டும்.

இடம் மாற்றியதும் பத்தியில் 34. அதற்கு மேல் ஏறவில்லை. அப்போதுதான் போன் இன்னும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ரவுட்டர் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையிலும் ஒரே பெயரில் வைஃபை விடுகிறது, போன் தனக்குப் பலமாகத் தெரிவதைப் பிடித்துக்கொள்கிறது. 2.4 தூரம் போகும், சுவரை ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. என் போனில் இணைப்பு வேகம் 72 என்று காட்டும், அதில் கையில் கிடைப்பது கிட்டத்தட்டப் பாதிதான். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். பிரவுசரில் 192.168.1.1 போட்டு ரவுட்டரின் செட்டிங்குக்குள் போய் (பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்தது) இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். 5ஐப் பிடித்துப் பத்தியில் டெஸ்ட் போட்டேன்: 71. குசினியில் 5 எட்டியும் பார்க்கவில்லை. அங்கே 2.4இல் 20 வரும்.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள். எத்தனை எம்பி என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. எங்கே நின்று, எந்தப் போனில், வயரிலா வைஃபையிலா என்று சொல்லுங்கள்.

*

கிளிநொச்சி டவுனிலிருந்து

எனது கடை ஏ9 வீதிக் கரையில். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பதினான்கு பெயர்கள் வரும். இரண்டு பக்கமும் கடைகள், மாடியில் ரியூசன். 2.4 அலைவரிசை சனல் சனலாகப் பிரிந்திருக்கிறது, ஆளுக்கொரு பாதை மாதிரி. அதில் ஒன்றோடொன்று முட்டாதவை மூன்றுதான்: 1, 6, 11. யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு "ஒருவரும் இல்லாத" 3ஆம் சனலில் போட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம். 3இல் நின்றால் 1இல் இருப்பவனின் சத்தமும் 6இல் இருப்பவனின் சத்தமும் சேர்ந்து கேட்கும். இப்போது 11, சனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பில் போடும் கொம்பியூட்டரை வயரில் பூட்டிவிட்டேன். அதற்கு எதற்கு வைஃபை?

*

மல்லாவியிலிருந்து

டவுன்காரருக்குச் சனல் சரி. எங்கள் பக்கம் வீடியோ பார்த்துச் சனல் மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வீடியோ எல்லாம் சென்னை, கொழும்பு அடுக்குமாடிகளுக்கு. எங்கள் காணி முக்கால் ஏக்கர், பக்கத்து வீட்டு வைஃபை என் போனில் தெரிவதே இல்லை. எங்களுக்குப் பகை அயலவர் அல்ல, தூரம்.

குசினிக்கு வேகம் இல்லையென்று ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன், வைஃபையைப் பிடித்துத் திரும்ப விடுகிற பெட்டி. குசினியிலேயே குத்தினேன். நாலு கோடும் காட்டியது, வேகம் 5. சிக்னல் செத்த இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால் அது செத்த சிக்னலைத்தான் உரக்கச் சொல்லும். நடுவழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தும் வேகம் பாதிதான், ஏனென்றால் இது மலிவு ரகம், ஒரே ரேடியோவில் ரவுட்டரோடும் பேசிப் போனோடும் பேசுகிறது.

கடைசியில் பழைய ரவுட்டர் ஒன்றைக் குசினியில் வைத்து, வீட்டிலிருந்து லான் வயர் இழுத்தேன், நாற்பது மீற்றர் வரும். 100 மீற்றர் வரைக்கும் பயமில்லை. பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கிற வேலை) ஓஃப் பண்ணி, ஒன்றின் லான் துளையிலிருந்து மற்றதன் லான் துளைக்குக் கொடுத்தேன். குசினியில் 80க்கு மேல் வந்தது. மனுசி போனில் சமையல் பார்த்துப் பார்த்து எனக்கு விதம் விதமாகச் சாப்பாடு.

அது ஐப்பசி வரைக்கும்தான். ஒரு பின்னேரம் இடி. தென்னையில் விழுந்தது, வீட்டில் விழவில்லை. ஆனால் வெளியே கொடியில் கட்டியிருந்த லான் வயரின் செம்பு வழியாக வந்து ரவுட்டர் இரண்டையும் கருக்கிவிட்டது, ரிவி பெட்டியும் போனது. ஃபைபர் கண்ணாடி, அதன் வழியே மின்னல் வராது. லான் வயர் அப்படி இல்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெளியால் லான் இழுக்கிறவர்கள், மழை இருட்டும்போது பிளக்கை மட்டும் அல்ல, லான் வயரையும் இரண்டு முனையிலும் கழற்றி வையுங்கள்.

*

மாங்குளத்திலிருந்து

நான் வேறு மாதிரி அசடு வழிந்தவன். டவுன்லோட் பண்ணும்போது "11 எம்பி" என்று காட்டியது. 100க்குக் காசு வாங்கி 11 தருகிறாயா என்று கம்பனிப் பெண்பிள்ளையைப் போனில் திட்டினேன். அவர் மிகவும் மரியாதையாக, "சேர், அது மெகாபைட். பக்கேஜ் மெகாபிட். எட்டால பெருக்குங்கோ" என்றார். பெருக்கினேன். 88. போனை வைத்துவிட்டேன். நான் படிப்பிப்பது கணிதம்.

*

புதுக்குடியிருப்பிலிருந்து

முதலில் எழுதியவரின் 94 நல்ல 94, எனது கெட்ட 94. எனக்கு 300 பக்கேஜ். வைஃபையில் மட்டும் அல்ல, வயரிலும் 94க்கு மேல் ஒரு புள்ளி ஏறாது. காலை, இரவு, மழை, வெயில், எப்போதும் 94. இப்படி ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் லைனைச் சந்தேகப்பட வேண்டாம், எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் பூட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி, இரண்டுக்கும் நடுவே சீலிங்குக்கு மேலால் ஒரு லான் வயர். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் இணைப்பு வேகம் 100 என்று இருந்தது, 1000 வர வேண்டிய இடம். ஏணி வைத்து ஏறினேன். சீலிங்கில் எலிப்புழுக்கை, அதற்குப் பக்கத்தில் ஓரிடத்தில் வயரின் தோல் உரிந்திருந்தது. உள்ளே எட்டு நூல்கள். செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி மூன்றும் முழுதாக இருந்தன. மண்ணிறச் சோடியில் ஒன்று அறுந்திருந்தது. 100க்குச் செம்மஞ்சளும் பச்சையும் போதும். 1000க்கு எட்டும் வேண்டும். ஒன்று போனாலும் இரண்டு பெட்டியும் தங்களுக்குள் பேசி 100க்கு இறங்கிவிடும். ஒரு பிழைச் செய்தியும் காட்டாது, அதனால்தான் பிடிபடவில்லை.

புது வயர், இந்தத் தடவை பிவிசி குழாய்க்குள். வயரில் 280க்கு மேல் வருகிறது. எலிக்கு வேறு ஏற்பாடு செய்தாயிற்று.

*

ஒட்டுசுட்டானிலிருந்து

லண்டனில் இருந்து மச்சான் ஆறு ஏரியல் வைத்த ரவுட்டர் அனுப்பினார். பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். அதுவும் சரிவரவில்லை. இரவு எட்டு மணிக்கு எல்லாம் இழுபடும். கடைசியில் பார்த்தால் மகளின் போன். வகுப்பால் வந்து வைஃபையில் ஏறியதும், அன்று எடுத்த படம் வீடியோ எல்லாவற்றையும் மேலே ஏற்றத் தொடங்கிவிடும். ஏற்றும் பாதை முழுதும் அடைபட்டால் இறக்குவதும் இழுபடும், ஏனென்றால் "வந்தது, அடுத்ததை அனுப்பு" என்ற பதில் போக வழி இல்லை. இந்தப் படம் ஏற்றும் வேலையை (போன் பக்கப்) விடியப்புறத்துக்கு மாற்றினோம். சிலந்தி இப்போது சும்மா அழகுக்கு.

*

மீண்டும் வட்டக்கச்சி

மல்லாவி அண்ணையின் கதையை வாசித்ததும், வாங்கி வைத்திருந்த லான் வயரை அப்படியே சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். எங்கள் குசினிக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு தென்னை. அம்மாவும் குசினிக்கு வேகம் வேண்டாம் என்கிறார். இரவில் அண்ணா கோல் எடுத்தால் துருவலையைப் பத்திக்குக் கொண்டுவந்து, போனைத் தூணில் சாத்திவிட்டு, தேங்காய் துருவியபடியே கதைக்கிறார். அண்ணாவின் வாய் இப்போது ஒழுங்காக மூடித் திறக்கிறது. நேற்று அவர்தான் கேட்டார், "அம்மா, அந்த அலுமாரியை ஏன் மறுபக்கம் திருப்பி வைச்சிருக்கிறியள்?" என்று.