டிராக்: ‘இழுவை’ வேண்டாம், ‘விடுபிடி’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆற்று மீன்பிடிச் சொற்பட்டியலின் புதிய வரைவில், தூண்டில் ரீலில் மீன் வலுவாக இழுக்கும்போது நைலான் இழையை விட்டுக்கொடுக்கும் அமைப்பான ‘டிராக்’ என்பதற்கு நேரே ‘இழுவை’ என்று எழுதியிருக்கிறது. அதை நீக்கிவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். மற்றச் சொற்களில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ரீல் ரீலாகவே இருக்கட்டும். தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாம் கரையோரத்தில் அன்றாடம் புழங்குகிறவை. நைலான் இழைக்கு நரம்பு என்பதே போதும். ஈழத்து நண்பர்கள் கேட்டபடி தங்கூசியையும் பக்கத்தில் சேர்த்தது நல்ல காரியம். இழுவை மட்டும் உறுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டவன் கை தவறான திசையில் திருகும்.

கருவி செய்கிற வேலையை முதலில் பார்த்துவிடுவோம். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் கண்டின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. (ஸ்பூலுக்குக் கண்டு என்ற சொல்லை இந்த மடல் உரையாடலில் யார் முதலில் எடுத்துக் கொடுத்தாரோ அவருக்கு நன்றி. நூற்கண்டு இருக்க நரம்புக்கண்டு ஏன் இருக்கக் கூடாது!) அந்தத் திருகைக் கழற்றினால் உள்ளே வாஷர்கள் அடுக்காக இருக்கும்: ஓர் உலோக வாஷர், அதன்மேல் கம்பளி அல்லது கார்பன் வாஷர், மறுபடியும் உலோகம். திருகை வலப்பக்கம் முடுக்கினால் ஒரு சுருள்வில் இந்த அடுக்கை அழுத்திப் பிடிக்கும். மீன் அந்தப் பிடியைவிட வலுவாக இழுக்கும்போது கண்டு வழுக்கிச் சுழன்று நரம்பை வெளியே விடும். நம் கையிலுள்ள சுற்றுப்பிடி அசையாது. மீனின் வேகம் தளர்ந்ததும் கண்டு தானாக நின்று மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இழுப்பது மீன். கருவி செய்வதெல்லாம் விடுவதும் பிடிப்பதும்தான். இதற்குப் போய் இழுவை என்று பெயர் வைத்தால் எப்படி?

இன்னொரு சிக்கலும் உண்டு. மீன்பிடித் துறையில் இழுவை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். இழுவைமடி, இழுவைப் படகு என்றால் கடலடியை வாரிக்கொண்டு போகும் டிராலிங் என்பது ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டம் போட்டே தடை செய்தது. இயற்பியல் பாடத்திலோ, நீரிலும் காற்றிலும் செல்லும் பொருளைப் பின்னுக்குப் பிடிக்கும் விசையும் இழுவைதான். மூன்றாவது பொருளையும் அந்த ஒரே சொல்லின் தலையில் ஏற்றுவது வாசகனுக்குச் செய்யும் தீங்கு.

தீங்கு என்பது பெரிய வார்த்தையாகத் தோன்றலாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சென்ற மாசியில் அணைக்கரைக்குக் கீழே, கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி மடுக்களாக நின்ற நேரத்தில், அக்காள் மகனை அழைத்துக்கொண்டு போனேன். பதினேழு வயது, புது ரீல், ஏழடிக் கம்பு. ரீல் அட்டைப்பெட்டியில் ‘அதிகபட்ச டிராக் 9 கிலோ’ என்று போட்டிருந்தது. அதிகம் என்றால் நல்லது என்று நினைத்து, திருகைக் கடைசிவரை முடுக்கி வைத்திருக்கிறான். நரம்போ 8 கிலோ தாங்குவது. முடிச்சுப் போட்ட இடத்தில் அந்த வலுவும் குறையும். ஆக, கண்டு வழுக்கத் தொடங்குவதற்கு முன்பே நரம்பு அறுந்தாக வேண்டும் என்பது கரையில் உட்காரும்போதே முடிவாகிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கோழிக்குடலை ஒரு வாளை எடுத்தது. ஆற்றுவாளையின் முதல் ஓட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. கண்டு அசையவில்லை. ‘பட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சுற்றி எடுத்துப் பார்த்தால் நரம்பின் நுனி சுருண்டு, முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளையாக வெளிறியிருந்தது. முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. டிராக் என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன். “மீனை இழுக்கிற சக்தி, மாமா” என்றான். பையன் மேல் பிழையே இல்லை. அந்தச் சொல் அவனுக்கு அப்படித்தான் பேசியிருக்கிறது. தமிழில் இழுவை என்று எழுதிக் கொடுத்தால் நாமும் அதையேதான் சொல்லிக் கொடுப்போம்.

சென்ற மடலில் ‘விட்டுப்பிடி’ என்று முன்மொழிந்திருந்தேன். அது நான் கண்டுபிடித்த சொல் அல்ல. என் பெரியப்பா ரீலைத் தொட்டதே இல்லை; கைத்தூண்டில்தான். வலது ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தை மாட்டிக்கொள்வார், நரம்பு ஓடும்போது விரலை அறுக்காமல் இருக்க. பெரிய மீன் எடுத்ததும் அந்த ரப்பரின் மேல் நரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். மீன் ஓடினால் அழுத்தம் தானாகத் தளரும், நின்றால் இறுகும். நாங்கள் பதறி நரம்பைப் பற்றப் போனால் “இழுக்காதே, விட்டுப் பிடி” என்பார். முரண்டு பிடிக்கும் பிள்ளையையும் கடனைத் தள்ளிப்போடும் ஆளையும் விட்டுப்பிடிக்கச் சொல்கிற அதே பேச்சுதான். ரீலுக்குள் இருக்கும் வாஷர் அடுக்கு அந்த விரலும் ரப்பரும் செய்த வேலையைத்தான் செய்கிறது. கருவி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கலாம், வேலை நம் கரையில் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

அதற்கு வந்த மறுப்பு நியாயமானது. ‘விட்டுப்பிடி’ ஏவல்போல ஒலிக்கிறது, பெயராக வைத்து மற்றச் சொற்களை ஒட்டினால் நாக்கு இடறும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ‘விட்டுப்பிடித் திருகின் விட்டுப்பிடி அளவு’ என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ஆகவே அதைச் சுருக்கி ‘விடுபிடி’ என்று வைக்கலாம் என்பது என் இப்போதைய கருத்து. இழுபறி என்ற சொல்லைப் பாருங்கள். இழு, பறி என்ற இரண்டு வினைப்பகுதிகள் சேர்ந்து பெயராகி, வேட்பாளர் பட்டியலில் இழுபறி என்று நாளிதழ்கள் எழுதும் அளவுக்கு ஊறிவிட்டது. அதே அச்சில் விடுதலும் பிடித்தலும் என்று உம்மைத்தொகையாகக் கொண்டால் விடுபிடி. இது போதாதென்று இன்னொரு வாசிப்பும் கிடைக்கிறது. வினைத்தொகையாகப் பிரித்தால் விட்ட பிடி, விடுகின்ற பிடி, விடும் பிடி. விடுகின்ற பிடி! வாஷர் அடுக்கின் தன்மையே அதுதான்: அளவு மீறினால் விட்டுக்கொடுக்கிற பிடி. எப்படிப் பிரித்தாலும் வல்லினம் மிகாது, எழுதுவதில் குழப்பமும் இல்லை. உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி, கைப்பிடி என்று பிடியில் முடியும் பெயர்கள் நமக்குப் பழக்கம்தானே. அன்றைக்கு அந்தப் பையனின் ரீலில் இருந்தது உடும்புப்பிடி. இருந்திருக்க வேண்டியது விடுபிடி.

‘உராய்வுத் தடை’ என்று முன்மொழிந்த பொறியாளர் நண்பருக்கு: இயற்பியல்படி உங்கள் சொல்லில் பிழை கிடையாது. ஆனால் ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது. கண்டு குறுக்காகச் சுழலும் வகை ரீலில் இரண்டு தனித்தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. தூண்டிலை வீசும்போது கண்டு தறிகெட்டுச் சுழன்று நரம்பு சிக்காமல் இருக்கக் காந்தத்தாலோ மைய விலக்கு விசையாலோ இயங்கும் பிரேக் ஒன்று. மீன் மாட்டிய பிறகு வேலை செய்யும் டிராக் இன்னொன்று. தடை என்ற சொல்லை இரண்டாவதற்குக் கொடுத்துவிட்டால் முதலாவதற்கு எங்கே போவது? பிரேக்குக்கு ‘வீச்சுத்தடை’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது. மேலும் உராய்வு என்பது கருவி எதனால் இயங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எதற்காக இருக்கிறது என்பது கரையில் நிற்பவனுக்குத்தானே வேண்டும்? டிராக் என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு, ரீல் எப்போதும் யாரையும் ஏமாற்றியதில்லை, டிராக் ஏமாற்றுகிறது என்பதே என் பதில்.

சொல் நின்றால் அதைச் சுற்றி மற்றவை எளிதாக வரும். முடுக்கும் பாகம் விடுபிடித் திருகு. பெட்டியில் போட்டிருப்பது உச்ச விடுபிடி. நாம் வைத்துக்கொள்வது விடுபிடி அளவு. இந்த மூன்றாவதற்குப் பட்டியலில் ஒரு வரி விளக்கமும் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன், ஏனென்றால் இங்கேதான் மீன் தப்புகிறது. நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை என்பது தூண்டில்காரர்களின் பொதுவான கணக்கு. 8 கிலோ நரம்புக்கு 2 கிலோ. நரம்பைக் கம்பு வளையங்களின் வழியே கோத்து, நுனியைச் சுருள்வில் தராசின் கொக்கியில் கட்டி, கம்பைச் சாய்த்துத் தூக்க வேண்டும். தராசு 2 கிலோவைக் காட்டும்போது கண்டு வழுக்கத் தொடங்கினால் சரி. விரலால் இழுத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக வைக்கிறவர்கள் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வைக்கிறார்கள்.

அந்த அளவும் ஒரே இடத்தில் நிற்காது. மீன் நரம்பை உருவிக்கொண்டு போகப் போகக் கண்டின் சுற்று மெலிகிறது. நிறைந்திருக்கும்போது குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்றால், அது 2.5 ஆகும்போது அதே திருகு நிலையில் கண்டைச் சுழற்ற இரண்டு மடங்கு இழுப்பு தேவை. 2 கிலோ வைத்தது 4 கிலோ ஆகிவிடும். கடைசி நேரத்தில் நரம்பு அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மீன் தொலைவில் ஓடியிருக்கும்போது திருகை முடுக்கக் கூடாது என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். இன்னொன்று: கண்டு வழுக்கிக்கொண்டிருக்கும்போது சுற்றக் கூடாது. முன்புறத் திருகு ரீலில் அப்படிச் சுற்றினால் ஒரு முழம்கூட உள்ளே வராது, நரம்புதான் முறுக்கேறிப் பாழாகும். கம்பைத் தூக்கி, இறக்கும்போது மட்டும் சுற்ற வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள், கம்பளி வாஷர் நசுங்கியே கிடந்தால் அடுத்த முறை திக்கித் திக்கி வழுக்கும்.

பெரிய மீனுக்கு விட்டுப்பிடிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. 1946இல், வேட்டை விலங்குகளைப் பாடம் செய்வதில் பெயர்பெற்ற மைசூரு வான் இங்கன் சகோதரர்களில் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மகசீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. அதை ஒரே மூச்சில் நிறுத்திவைக்கிற நரம்பு எங்கே கிடைக்கும்? (காவிரிப் படுகையின் அந்தத் திமில் மகசீர் இனம் 2018 முதல் மிக அருகிவிட்ட உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. தற்செயலாக மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அதை எடையிடுவதற்குக்கூடக் கரையேற்ற வேண்டாம்.)

சொல்லைக் கரையிலும் சோதித்துப் பார்த்தேன். போன ஞாயிறு அதே மடுவில், அதே பையன். இந்த முறை வாளை வரவில்லை. கெளுத்தி இரண்டு, ஜிலேபிக் கெண்டை ஏழெட்டு, பிறகு பொடிமாவு உருண்டைக்கு ஒரு ரோகு. ரோகு எடுத்ததும் கண்டு கிர்ரென்று ஓடியது. கல்லிடுக்குப் பக்கம் போகிறதே என்ற பதற்றத்தில் அவன் கை திருகை நோக்கிப் போனது. “விடுபிடியைத் தொடாதே, ஓடட்டும்” என்றேன். அந்தச் சொல்லை அவன் அதற்கு முன் கேட்டதில்லை, விளக்கமும் நான் சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டு, கம்பை மட்டும் பக்கவாட்டில் சாய்த்து மீனைத் திருப்பினான். பத்து நிமிடம் கழித்துக் கரையேறியது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாயோரத்தில் முள் அழகாகப் பதிந்திருந்தது, முடிச்சும் குலையவில்லை.

ஆகவே ‘இழுவை’யை எடுத்துவிட்டு ‘விடுபிடி’யைச் சேர்க்கும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ‘விட்டுப்பிடித்தல்’ மீனோடு நாம் செய்யும் செயலுக்கு வினையாக இருக்கட்டும். குறுக்குக் கண்டு ரீலில் சுற்றுப்பிடிக்கு அடியில் நட்சத்திர வடிவில் இருக்கும் திருகுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உடு விண்மீன்தானே என்று ‘உடுத்திருகு’ என்றால் உடுத்துவது நினைவுக்கு வருகிறது, ‘விண்மீன் திருகு’ என்றால் மீன்பிடிப் பட்டியலில் இன்னொரு மீன் சேர்ந்து குழப்புகிறது. கரையில் யாராவது அதற்கு ஏதேனும் பெயர் சொல்லக் கேட்டிருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அணைக்கரைப் பக்கம் போகிறேன், நானும் விசாரித்துவிட்டு வருகிறேன்.