கிராண்ட் பாசின்: காரை எங்கே விடுவது?

மலையடிவாரம்:
நம் மொரிசியஸின் புனித ஏரியான கிராண்ட் பாசின் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கிராண்ட் பாசின் போகிறவர்கள் சிவன் சிலைப் பக்கம் காரை விடாதீர்கள், நேரே ஏரிக்கரைக்கே போங்கள், எப்போதும் இடம் கிடைக்கும்" என்கிறார். எப்போதுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் எடுக்க முடியாமல் கார்கள் நிற்கும். நடுவில் பூசைத் தட்டோடு பாட்டிமார் ஒதுங்க இடம் தேடுவார்கள். சிலைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய இடம் எதற்கு இருக்கிறது? அங்கே விட்டால் ஏரிக்குப் பத்து நிமிட நடை.

சூயாக்காரன்:
எழுதியது நான்தான். பத்து நிமிடம் என்று யார் அளந்தது? என் அம்மாவுக்கு முட்டிவலி. அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் ஆகும். கிராண்ட் பாசின் எங்கள் சவான் மாவட்டத்தில் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று மேலே இருந்து வருகிறவர்கள் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மலையடிவாரம்:
அம்மாவை வாசலில் இறக்கிவிடுங்கள், யார் தடுத்தார்கள்? இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்ச் சிலைப் பக்கம் விடுங்கள். நீங்கள் நடக்கலாம் இல்லையா? பத்து நிமிடம்தான். 1898-ல் பக்தர்கள் திரியோலேயிலிருந்து கிராண்ட் பாசின் வரைக்கும் நடந்தே வந்தார்கள். வடக்கே எங்கேயோ இருக்கிற ஊர் அது. இன்றைக்கும் சிவராத்திரிக்குக் காவடி சுமந்து ராத்திரி பகலாக நடக்கிறார்கள். நமக்குப் பத்து நிமிடம் பாரமா?

ரோஸ்ஹில் அக்கா:
தம்பிமாரே, இரண்டு பேரும் மழையை மறந்துவிட்டீர்கள். அந்த மேட்டில் எப்போது மூடுபனி இறங்கும், எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. சிலைப் பக்கம் காரை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு நடுவழியில் நனைந்தவள் நான். அந்த வழியில் எனக்குப் பத்து நிமிடம் இல்லை, கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆனது.

மலையடிவாரம்:
குடை எடுத்துப் போங்கள் அக்கா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கூடுதல் நேரம் ஆகத்தான் செய்யும். நான் சொல்வது சாதாரண நடை. பத்து நிமிடம்.

தேயிலைத்தோட்டம்:
எங்கே விடுவது என்பதற்கு முன்னால் எந்த வழியில் வருவது என்று பேசுங்கள். எல்லோரும் லா மாரி வழியாகவே வந்து அடைத்துக்கொள்கிறீர்கள். புவா ஷெரி வழியாக ஏறி வந்தால் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக வரலாம்.

சூயாக்காரன்:
அப்படிச் சொல்லுங்கள் அண்ணே. தெற்கத்திக்காரர்களுக்குத்தான் பாதை தெரியும்.

மலையடிவாரம்:
தெற்கு வடக்கு என்று பிரிக்காதீர்கள். குரேப்பிப், வாக்வா ஆட்களுக்கு லா மாரிதான் கிட்ட. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் கரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, அதைத்தான் சொல்கிறேன். 1972-ல் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து அந்த ஏரியில் கலந்தார்கள். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் எண்ணெய் ஒழுகும் காரை நிறுத்துகிறோம். மழை பெய்தால் தரையில் நீலமும் ஊதாவுமாக எண்ணெய் படர்ந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அது எங்கே போய்ச் சேரும்?

சூயாக்காரன்:
ஓ, இப்போது எண்ணெயா? பத்து நிமிடக் கதை எடுபடவில்லை என்று பேச்சை மாற்றுகிறீர்கள். அப்புறம் சிலைப் பக்கம் விட்டால் குரங்குத் தொல்லை. கார்க் கதவைத் திறந்தால் போதும், அர்ச்சனைக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பு போய்விடும்.

ரோஸ்ஹில் அக்கா:
குரங்கு ஏரிக்கரையிலும்தான் இருக்கிறது. அனுமார் குன்றுப் படியிலும் இருக்கிறது. பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் எங்கே இருந்தாலும் வரும்.

மலையடிவாரம்:
நன்றி அக்கா. 2007-ல் 108 அடிச் சிலை வைத்தார்கள், அப்புறம் எதிரே துர்க்கையம்மன் சிலையும் வந்தது. கூட்டம் வரும் என்று தெரிந்துதான் அங்கே அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். காசும் வாங்குவதில்லை. கரையில் இருக்கிற கொஞ்ச இடத்தை முடியாதவர்களுக்கு விடுங்கள் என்று கேட்கிறேன். இது பெரிய கேள்வியா?

சூயாக்காரன்:
முடியாதவர் யார் என்று நீங்களா முடிவு செய்வீர்கள்? தைப்பூசத்துக்குக் காத்ர் போர்னில் மலைக்கோவிலுக்கு வருகிற உங்கள் ஆட்கள் எங்கே விடுகிறார்கள்? அடுத்தவன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால். என் மச்சான் வீடு அங்கேதான். அன்றைக்கு வேலைக்காகக் காரை வெளியே எடுக்க முடியாமல் நின்றார்.

மலையடிவாரம்:
எங்கள் கோவிலை இதில் இழுக்காதீர்கள். தைப்பூசம் வருடத்தில் ஒரு நாள், அன்றைக்கு ஊரே விடுமுறை. நீங்கள் சொல்வது ஒவ்வொரு ஞாயிறும். அந்தக் கோவிலுக்குக் காவடி எடுத்தவன் நான், ஒரு நாளும் யார் கேட்டையும் மறித்ததில்லை.

தேயிலைத்தோட்டம்:
விடுமுறை என்றால் கேட்டை மறிக்கலாமா? ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவனுக்கு ஏது விடுமுறை?

ரோஸ்ஹில் அக்கா:
தைப்பூசத்தை விடுங்கள். சிவராத்திரிக்கு எப்படியும் போலீஸ் சொல்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

மலையடிவாரம்:
சிவராத்திரிக்கு போலீஸ் சொன்னால் கேட்கிறோம், மற்ற நாளில் நாமே கேட்க மாட்டோமா? வரும் ஞாயிறு நான் சிலைப் பக்கம்தான் விடுவேன். யார் வேண்டுமானாலும் கூட நடந்து வந்து கடிகாரத்தைப் பார்க்கலாம். பத்து நிமிடம்.

சூயாக்காரன்:
வருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்போது பார்ப்போம் பத்து நிமிடத்தை.