100 வாட்ஸ் குண்டு பல்புக்கு கணக்குல 529 ஓம் வருது, மீட்டர்ல 38 தான் காட்டுது, ஏன்?

பிளஸ்டூ_பையன்:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. வீட்ல கோழிக்குஞ்சுங்களுக்கு சூடு குடுக்க 100 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டியிருக்கோம். வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ், ரெண்டையும் பெருக்குனா பவர்னு ஸ்கூல்ல நடத்துனாங்களா, சரி நம்ம பல்புக்கே போட்டுப் பாப்போம்னு 100ஐ 230ஆல வகுத்தேன், 0.435 ஆம்ப்ஸ், 230ஐ அதால வகுத்தா கிட்டத்தட்ட 529 ஓம். அப்புறம் பல்பை கழட்டி அடியில இருக்குற ரெண்டு ஈயப் புள்ளியிலயும் மல்டிமீட்டரை வெச்சா வெறும் 38 ஓம்! மீட்டர் புதுசு, ப்ரோப் ரெண்டையும் ஒண்ணா தொட்டா 0.3 தான் காட்டுது, அதுல கோளாறு இருக்குற மாதிரி தெரியல. 38 ஓம்னா 6 ஆம்ப்ஸ் இழுக்கணும், கிட்டத்தட்ட 1400 வாட்ஸ், அயர்ன் பாக்ஸ் கூட அவ்ளோ இல்லையே. இந்த ஃபார்முலா வீட்டு ஏசி கரண்டுக்கு செல்லாதா?

லேப்_அண்ணா:
தம்பி ரெண்டுமே சரி. 38ங்கிறது ஆறிப்போன பல்போட ரெசிஸ்டன்ஸ், 529ங்கிறது எரியுற பல்போடது. ஓம் விதியை புக்ல திரும்ப படிச்சுப் பாரு, "வெப்பநிலை மாறாத போது"ன்னு ஒரு வார்த்தை இருக்கும், நாம எல்லாரும் அதைத் தாண்டிப் போயிடுவோம், உன் கேள்விக்கு பதிலே அங்கதான் இருக்கு. உள்ள இருக்குறது டங்ஸ்டன் இழை, எரியும்போது சுமார் 2500 டிகிரி செல்சியஸுக்குப் போகும். ரூம் சூட்டுல டங்ஸ்டனுக்கு ஒரு டிகிரிக்கு 0.0045 பங்கு ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதை அப்படியே 2480 டிகிரிக்குப் பெருக்கி 1 கூட்டுனா 12 மடங்கு வரும், அவ்ளோ சூட்டுல கணக்கு நேர்கோட்டுல போகாம இன்னும் கொஞ்சம் மேல ஏறும். உனக்கு 529ஐ 38ஆல வகுத்தா 14 மடங்கு கிட்ட வருது பாரு, அருமையா பொருந்துது.

அந்த 6 ஆம்ப்ஸும் பொய் இல்ல. ஸ்விட்ச் போட்ட அந்த நொடி நிஜமாவே அவ்ளோ கரண்ட் பாயும், ஆனா ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குக்குள்ள இழை சூடேறி 0.435க்கு இறங்கிடும். பழைய பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆகுறது இதனாலதான், இழை தேய்ஞ்சு மெலிஞ்ச இடம் மத்த இடத்தை விட சீக்கிரம் கொதிச்சு அறுந்துரும்.

ஏசி பத்தி கேட்டியே, பல்பு ஹீட்டர் மாதிரி வெறும் ரெசிஸ்டன்ஸ் லோடுக்கு இதே ஃபார்முலா தாராளமா செல்லும், 230ங்கிறதே அதுக்குத் தோதா எடுத்த ஆர்எம்எஸ் மதிப்புதான், அதாவது அதே அளவு சூட்டைக் குடுக்குற டிசி வோல்டேஜ் எவ்ளோன்னு சொல்ற மதிப்பு.

வயர்மேன்_மாமா:
மேல சொன்னதுக்கு நேர் சோதனை வேணும்னா தண்ணி சுடவைக்கிற ராடை எடுத்துக்கோங்க. 1000 வாட்ஸ்னா 230ஐ 230ஆல பெருக்கி 1000ஆல வகுங்க, 52.9 ஓம். ப்ளக்கை புடுங்கிட்டு ரெண்டு பின்லயும் மீட்டரை வெச்சா அதை ஒட்டியே காட்டும், ஏன்னா அது நைக்ரோம் கம்பி, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் பெருசா மாறாது. இதுல இன்னொன்னும் புரியும், சாயங்காலம் லைன்ல 190 வோல்ட் தான் வருதுன்னா 190ஐ 190ஆல பெருக்கி 52.9ஆல வகுத்தா 682 வாட்ஸ், வோல்டேஜ் ஆறுல ஒரு பங்கு கொறைஞ்சதுக்கு பவர் மூணுல ஒரு பங்கு போயிருச்சு, தண்ணி சுட இவ்ளோ நேரமான்னு ராடை மாத்திப் பிரயோஜனம் இல்ல.

ஆனா ஃபேன், மோட்டருக்கு இந்த வேலை வேண்டாம். காயில் ரெசிஸ்டன்ஸை வெச்சு கணக்கு போட்டா எங்கியோ போயிரும், அங்க பவர் ஃபாக்டர் வந்துரும், அதாவது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்குனதுல எவ்ளோ பங்கு நிஜ பவர்ங்கிற கணக்கு. கிளாம்ப் மீட்டர்ல (வயரை அறுக்காம சுத்திக் கவ்வி கரண்ட் அளக்குற மீட்டர்) 6 ஆம்ப்ஸ், பவர் ஃபாக்டர் 0.8னா 230 × 6 × 0.8 = 1104 வாட்ஸ், 1380 இல்ல.

பிளஸ்டூ_பையன்:
சூப்பர்ண்ணா, இப்போ புரியுது. இன்னொன்னு, சூடு ஜாஸ்தியா இருக்குன்னு அப்பா ரெண்டு 100 வாட்ஸ் பல்பை சீரிஸ்ல போடலாம்னு சொல்றாரு. ஒண்ணுக்கு 115 வோல்ட், அப்போ ஆளுக்கு 25, மொத்தம் 50 வாட்ஸ் சரியா?

லேப்_அண்ணா:
529 மாறாதுன்னு வெச்சா 50. ஆனா இழை அவ்ளோ சூடாகாது, ரெசிஸ்டன்ஸும் 400 ஓம் பக்கமா இறங்கிடும், அதனால ஒவ்வொண்ணும் சுமார் 33, மொத்தம் 66 வாட்ஸ் கிட்ட வரும். வெளிச்சம் ரொம்ப மங்கலா செவப்பா இருக்கும், ஆனா குஞ்சுக்கு வேண்டியது சூடுதானே. அப்பா சொல்றது நல்ல ஐடியா, பல்பும் ரொம்ப நாள் உழைக்கும். குஞ்சுங்க பல்புக்கு அடியில நெருக்கியடிச்சு நின்னா சூடு பத்தலன்னு அர்த்தம், தள்ளித் தள்ளிப் படுத்தா ஜாஸ்தி.

வயர்மேன்_மாமா:
தம்பி கரண்ட் அளந்து பாக்குறேன்னு மல்டிமீட்டரோட செவப்பு ப்ரோபை 10 ஆம்ப்ஸ் ஓட்டைல போட்டு அப்படியே ப்ளக்ல சொருகிடாத, அது நேரடி ஷார்ட், மீட்டர் கையிலயே வெடிக்கும். ஓம்ஸ் பாக்குறதும் கழட்டுன பல்புல மட்டும்தான். கரண்டுக்கு கிளாம்ப் மீட்டர் யார்கிட்டயாவது வாங்கிக்கோ, ரெண்டு வயரையும் சேத்து உள்ள விட்டா சைபர்தான் காட்டும், ஒத்தை வயரை மட்டும் விடணும். சீரிஸ்ல போட்ட பல்பு இழுக்குற 0.29 ஆம்ப்ஸ் மாதிரி சின்ன கரண்டுக்கு மெயின் ஆஃப் பண்ணிட்டு அந்த ஒத்தை வயரை கிளாம்ப்ல பத்து சுத்து சுத்து, அப்புறம் ஆன் பண்ணா 2.9 காட்டும், பத்தால வகுத்துக்கோ.