"இங்கேயே சாப்பிடம்மா": பெங்களூரு அங்கன்வாடியில் நாங்கள் கண்டது

லிங்கராஜபுரத்திலிருந்து:

என் தங்கைக்கு ஐந்தாம் மாதத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்து, "நல்லா சாப்பிடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒரு வீட்டில் டீயும் பிஸ்கட்டும், இன்னொரு வீட்டில் முந்தின நாள் சப்பாத்தி. மதியம் இரண்டரைக்கு வந்துதான் உலை வைப்பாள். வடித்த சோற்றில் புருஷனுக்கும் மாமியாருக்கும் எடுத்து வைத்தது போக மீதிதான் அவளுக்கு. இதில் எங்கிருந்து நல்லா சாப்பிடுவது?

இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் செங்கத்தில் இருக்கிறது, கன்னடமும் அரைகுறை. அதெல்லாம் இந்த ஊர்க்காரர்களுக்கு என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். கர்ப்பிணியின் பரிசோதனை விவரம் குறிக்கும் தாய் கார்டு எழுத வந்த ஆஷா அக்காதான் (தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்), "ஏம்மா போகல?" என்று திட்டி அனுப்பினார். போனோம். ரேஷன் கார்டைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஆதார், தாய் கார்டு, போன் நம்பர், அவ்வளவுதான்.

கர்நாடகத்தில் 2017 அக்டோபர் 2 முதல் மாத்ருபூர்ணா என்ற திட்டம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மாதத்தில் 25 நாள் மதியச் சாப்பாடு. சோறு, சாம்பார், காய், முட்டை, 200 மில்லி பால், கடலை மிட்டாய். அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தங்கைக்கு முதலில் அதுதான் கசந்தது. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து இலவசச் சோறு தின்பதா என்று அழுதாள். முதல் நாள் முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள், வீட்டில் நாத்தனார் மகன் இருக்கிறானே என்று. உதவியாளர் அம்மா பார்த்துவிட்டார். அதட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கன்னடத்தில் "இல்லே தின்னம்மா" என்றார், இங்கேயே சாப்பிடம்மா என்று. அவள் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த விதி எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்திருந்தால் அந்த முட்டை அவள் வயிற்றுக்குப் போயிருக்காது.

ஆனால் நேரம்தான் இடித்தது. சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள். மூன்றாவது வீட்டில் வேலை முடியவே இரண்டு மணி ஆகும். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டாள், முடியாது என்றுவிட்டார்கள். கடைசியில் அந்த வீட்டை விட்டாள். மாதம் 2,500 ரூபாய் போயிற்று. கர்ப்பிணி என்றால் பகலில் வீட்டில்தான் இருப்பாள் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தியும் இல்லை.

எட்டாம் மாதம் ரத்தம் 10.1. சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டாள். மாத்திரையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எப்படி நடந்தது? எழுதுங்கள்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து:

சாப்பாடு எனக்கும் கிடைத்தது அக்கா. நான் பட்டது பணத்தில். முதல் பிள்ளைக்கு மாத்ரு வந்தனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. கர்ப்பத்தைப் பதிவு செய்து ஒரு முறையாவது பரிசோதனை முடித்திருந்தால் 3,000. பிள்ளை பிறந்ததைப் பதிவு செய்து, மூன்றரை மாத ஊசி வரை போட்ட பிறகு 2,000. எனக்குப் பணம் போட்டாயிற்று என்றார்கள். இங்கே என் கணக்கில் ஒரு பைசா இல்லை. மூன்று முறை அலைந்தேன், "வந்துவிட்டது, போய்ப் பார்" என்பதே பதில்.

அப்புறம்தான் ஒருவர் விளக்கினார். நாம் எழுதிக் கொடுக்கும் கணக்குக்குப் பணம் போவதில்லை, ஆதாரோடு இணைந்திருக்கும் கணக்குக்குத்தான் போகும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஊரில் நூறு நாள் வேலைக்காக ஒரு கணக்கு தொடங்கியிருந்தேன். மறந்தே போயிருந்தது. பொங்கலுக்குப் போனபோது பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தேன், 3,000 அப்படியே இருந்தது. பேறுகாலத்துக்கு முன் வந்திருந்தால் பேரீச்சம்பழமும் கீரையும் வாங்கியிருப்பேன். கைக்கு வந்தபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். தயவுசெய்து பெயர் கொடுக்கும் அன்றே, ஆதாரில் எந்த வங்கி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கு, பெண்ணாகப் பிறந்தால்தான் 6,000. எனக்குப் பையன். பெண் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்த விதி, அது நல்லதுதான். ஆனால் பையனைச் சுமந்த பத்து மாதமும் எனக்குப் பசித்தது.

ஈஜிபுராவிலிருந்து:

நான் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. நீங்கள் எழுதியதையெல்லாம் நான் தினமும் பார்க்கிறேன்.

தமிழ் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எங்களிடம் சொல்வதில்லை. இங்கே சாப்பாடு நின்றுவிடும், அங்கே பெயர் இருக்காது. அதிகமாகச் சாப்பிட வேண்டிய மாதங்களெல்லாம் அப்படியே போய்விடுகின்றன. கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால் பெயரை அந்த ஊருக்குப் போனிலேயே மாற்றிக் கொடுக்கலாம். தாய் கார்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ஊர் அங்கன்வாடியில் காட்டினால் சத்துமாவு வாங்கலாம்.

இன்னொன்று, 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் ஆதாருக்கு ஓடிபி வரும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது புருஷன் நம்பர். அவர் சென்டிரிங் வேலையில் மூன்றாவது மாடியில் நிற்பார், போன் எடுக்க மாட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வாசலில் காத்திருப்பாள். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். முடிந்தால் உங்கள் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி ஆதாரில் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைகளின் கையைச் சுற்றி அளக்கும் நாடாவைப் பற்றியும் சொல்கிறேன். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு மேல்கை 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை. 11.5-க்குக் கீழே சிவப்பு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். போன மாதம் ஒரு பதினோரு மாதப் பெண் குழந்தைக்கு 11.3 வந்தது. "எங்க வம்சமே ஒல்லிதான்" என்றார் பாட்டி. நானே கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். சேர்த்துக்கொண்டு பதினான்கு நாள் வைத்திருந்தார்கள். இப்போது மஞ்சள்.

விவேக் நகரிலிருந்து:

என் பையனுக்கு ஒன்றரை வயது. வாடகைப் பத்திரம் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?

ஈஜிபுராவிலிருந்து:

சேர்க்க வேண்டும் கண்ணு. ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. ஏழை என்று காட்டக் கார்டு தேவையில்லை. ஒன்றரை வயதுக்கு வீட்டுக்கு மாவு தருவார்கள், மூன்று வயதானால் அங்கேயே சாப்பாடு. இல்லை என்று சொன்னால் மேற்பார்வையாளர் பெயரையும் நம்பரையும் கேளுங்கள், சுவரில் எழுதியிருக்கும்.

லிங்கராஜபுரத்திலிருந்து:

நன்றி அக்கா. வளைகாப்பு விஷயம் எங்களுக்கும் பொருந்தும். தங்கையை ஊருக்கு அனுப்பவில்லை, அம்மாவை இங்கே வரவழைத்தோம். பிள்ளை பிறந்து நாற்பது நாள் அவள் வெளியே போகக் கூடாது என்று அம்மா பிடிவாதம். அங்கன்வாடி டீச்சரிடம் போய்க் கேட்டேன். டிபன் பாக்ஸில் கொடுத்துவிட்டார், முட்டையை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து. "இது உன் தங்கச்சிக்கு. வேற யாருக்கும் இல்லை" என்றார். நாற்பது நாளும் அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.