கேள்வி எண் 289-உம் ஒரு டெபுடி கலெக்டரும்

கல்லூரிக் கணித ஆசிரியை, ஓய்வு

இந்தியக் கணிதவியல் கழகம் அவரவருக்கு எப்படிப் பழக்கமானது என்று எழுதச் சொன்னீர்கள். நிறையப் பேர் ஆண்டு மாநாடுகளைப் பற்றி எழுதுவார்கள். எனக்குப் பழக்கமானது நூலகத்தில்தான். பைண்டு செய்து அடுக்கியிருந்த கழகத்தின் பழைய இதழ்களைப் புரட்டும்போது கட்டுரைகளை விட்டுவிட்டு, வாசகர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட கேள்விகளிலேயே நின்றுவிடுவேன்.

1911-இல் வந்த 289-ஆம் கேள்வியைப் பல வருடம் வகுப்பில் கொடுத்திருக்கிறேன். வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல் 2 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல் 3 பெருக்கல் இன்னொன்று. அடுத்து 4, 5 என்று முடிவில்லாமல் போகும். மதிப்பு என்ன? பிள்ளைகள் கால்குலேட்டரை எடுப்பார்கள். நான் பலகையில் 3 என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கிப் போவேன். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்றால் 1 + 2×4. அந்த 4, 16-இன் வர்க்கமூலம். 16 என்றால் 1 + 3×5. 5-க்கு 25, அதாவது 1 + 4×6. அவ்வளவுதான், விடை 3. (இது ஒரே மதிப்பை நெருங்கிக்கொண்டே போகிறது என்பதை, அதாவது ஒருங்குவதை, நிறுவ வேண்டாமா என்று கேட்கும் ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.)

கேள்வியைப் போட்டவர் ராமானுஜன். மாதங்கள் போயும் யாரும் விடை அனுப்பாததால் அவரே கொடுத்தார். பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரையும் அதே ஆண்டு அதே இதழில்தான் வந்தது. அப்போது அவர் பட்டம் வாங்காதவர், வேலையும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ஓர் இதழ் இடம் கொடுத்தது, என் கணக்கில், கழகத்தின் எந்த விழாவையும்விடப் பெரிய சாதனை.

கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர் பேராசிரியர் அல்ல, டெபுடி கலெக்டர். 1907-இல் ஊர் ஊராகக் கடிதம் எழுதி இருபது பேரைச் சேர்த்தார். வெளிநாட்டுப் புத்தகங்களையும் இதழ்களையும் கூட்டாக வாங்கி, தபாலில் சுற்றுக்கு விடுவதுதான் முதல் நோக்கம். நூலகம் புனே பெர்குசன் கல்லூரியில் இருந்தது. 1909-இல் இதழ் வந்தது, 1916-இல் சென்னையில் முதல் மாநாடு கூடியது. மற்றவற்றை விழா மலர் எழுதுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்

டீச்சர், ராமஸ்வாமி ஐயரைச் சொல்லிவிட்டு திருக்கோவிலூரை விட்டுவிட்டீர்களே! தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டு ராமானுஜன் அவரை அங்கேதான் போய்ப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை. ரெவென்யூ இலாகாவின் அடிமட்டத்தில் இந்தப் பையனைப் போட்டு அமுக்கிவிட மனமில்லை என்று, கையில் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அதிகாரி வேலை தர மறுத்து நன்மை செய்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அடுத்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவரும் கழகத்துக்காரர்தான். கைக்காசிலிருந்து மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912 மார்ச்சில் ராமானுஜன் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார், சம்பளம் 30 ரூபாய். மேலே இருந்த நாராயண ஐயர் கழகத்தின் பொருளாளர். ராத்திரியில் இரண்டு பேரும் சிலேட்டும் கையுமாக உட்காருவார்களாம். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் நான் சொல்லிச் சொல்லியே சிலர் வேறு மேசைக்கு மாறிவிட்டார்கள்.

செங்கோட்டைக்காரர்

ராமானுஜனோடு நிறுத்திவிடாதீர்கள் ஐயா. எங்கள் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளையும் இருக்கிறார். எந்த எண்ணையும் அதிகபட்சம் எத்தனை வர்க்கங்களை, கனங்களை அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்குகளைக் கூட்டி எழுதலாம் என்று கேட்பது வாரிங் கணக்கு; அதில் அவர் செய்த வேலையில் ஒரு பெரிய பகுதி 1936-இல் இந்தக் கழகத்தின் இதழில்தான் வெளியானது. எந்த முழு எண்ணையும் எழுபத்துமூன்று ஆறாம் அடுக்குகளுக்கு மேல் போகாமல் கூட்டி எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவியவரும் அவர்தான். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1950 ஆகஸ்டில் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். குற்றாலத்துக்கு வரும் கணக்கு வாத்தியார்களிடம் வல்லம் பக்கம் கை காட்டி அவர் பெயரைச் சொல்வேன். எண் கோட்பாடு படித்தவர்களுக்கு உடனே தெரிகிறது. மற்றவர்கள், அருவியில் தண்ணி எப்படி என்று கேட்கிறார்கள்.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி

டீச்சர், 289-க்கு இரண்டாவது பாதி ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். வர்க்கமூலத்துக்குள் 6 + 2 பெருக்கல் வர்க்கமூலம், அதற்குள் 7 + 3 பெருக்கல், அப்புறம் 8 + 4 பெருக்கல் என்று போகும். விடை 4. உங்கள் வழியிலேயே போட்டேன்: 16 என்றால் 6 + 2×5, 25 என்றால் 7 + 3×6. அடுத்த படி 36. அதை ஹாஸ்டல் கதவில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் யாரும் தொடவில்லை. ஒருங்குவதற்கான நிறுவலை நாளை எழுதி அனுப்புகிறேன். யாராவது முந்திக்கொண்டால் சண்டைக்கு வருவேன்.